ஜிம் லீடரிடம் ஏன் தோற்கிறோம்? போக்கிமான் பாஸ் சண்டை, புதிதாக ஆடுபவர்களுக்கு

கேமில் சின்னச் சின்ன எதிரிகளை வீழ்த்திக்கொண்டே போகிறோம். ஓர் இடத்தில் ஒருவர் வழியை மறித்து நிற்பார். அவரை ஜெயிக்காமல் கதை நகராது, அடுத்த ஊருக்குப் பாதை திறக்காது. அவர்தான் பாஸ். ஓடி ஆடிச் சண்டை போடும் கேம்களில் பாஸை ஜெயிக்க விரலுக்கு வேகம் வேண்டும். உயிரிகளைப் பிடித்துச் சேர்த்து, வளர்த்து, அவற்றைச் சண்டைக்கு அனுப்பும் கேம்களில் அப்படி இல்லை. பெரும்பாலானவற்றில் நீங்கள் ஒரு மூவ், அதாவது உங்கள் உயிரி அந்த முறை செய்ய வேண்டிய செயல், தேர்ந்தெடுப்பீர்கள், எதிராளி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், வேகம் அதிகமுள்ள உயிரி முதலில் அடிக்கும். அடுத்த மூவை யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கடிகாரம் ஓடாது.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது போக்கிமான். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் கருவிக்கு ரெட், கிரீன் என்று இரண்டு பதிப்புகளாக வந்தது. உருவாக்கியவர் சதோஷி தஜிரி. டோக்கியோவை ஒட்டிய மச்சிடா பகுதியில் சிறுவனாக இருந்தபோது பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்த ஆசைதான் கேமின் வித்து. கொடுக்காப்புளி இலையைப் போட்டுத் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆசையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி பாஸ். அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். கோடை லீவில் செங்கோட்டை பாசஞ்சரில் போனால், சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் எங்காவது ஒரு கையில் இந்தக் கேம் ஓடுவதைப் பார்த்துவிடலாம். கல்லிடைக்குறிச்சியில் என் அக்கா மகனும் அப்படி ஒருவன். ஏழாம் வகுப்பு. அவன் கேட்டது இதுதான்:

"மாமா, இந்தக் கல்லுக்காரன்ட்ட போனாலே தோத்துட்டு வாரேன். இன்னும் பத்து லெவல் ஏத்திட்டுப் போவட்டா?"

கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கும் கேள்வி இது. லெவல் ஏற்றினால் ஜெயிக்கலாம் என்பது உண்மைதான். புல்வெளியில் ஒரே எதிரியைத் திரும்பத் திரும்ப அடித்து இரண்டு மணி நேரம் போக்கினால் எந்த பாஸும் விழுவார். ஆனால் அப்படி ஆடினால் கேம் நமக்கென்று யோசித்து வைத்திருக்கும் விஷயம் கைக்கு வராமலே போய்விடும். நான் உறுதியாக நம்புவது இதுதான்: நல்ல பாஸ் என்பவர் ஒரு கேள்வித்தாள். அதற்கான விடையை, அவர் வாசலுக்குப் போகும் வழியிலேயே கேமைச் செய்தவர்கள் எங்காவது வைத்திருப்பார்கள்.

மருமகன் சொன்ன 'கல்லுக்காரன்' புரோக். ரெட், கிரீன் பதிப்புகளில் முதல் ஜிம் லீடர், அதாவது ஓர் ஊரின் சண்டைக்கூடத்துக்குத் தலைவர். அவரிடம் இருப்பது இரண்டே உயிரிகள்: லெவல் 12ல் ஜியோடூட், லெவல் 14ல் ஓனிக்ஸ். இரண்டுக்குமே பாறை, நிலம் என்று இரண்டு டைப் உண்டு. டைப் என்பது ஓர் உயிரியின் இயல்பு. நெருப்பு, நீர், புல், மின்சாரம் என்று முதல் கேமில் 15 டைப் இருந்தன. 1999ல் வந்த கோல்ட், சில்வர் பதிப்புகளில் இருள், எஃகு இரண்டும் சேர்ந்தன. 2013ல் ஃபேரி சேர்ந்து இப்போது 18.

ஒவ்வொரு மூவுக்கும் ஒரு டைப் உண்டு. அடிக்கும் மூவின் டைப்பையும் அடிவாங்கும் உயிரியின் டைப்பையும் பொருத்திப் பார்த்து, அடியை கேம் இரண்டு மடங்காக்கும், பாதியாக்கும், அல்லது சுத்தமாக ஒன்றுமில்லாமல் செய்யும். நீர் நெருப்பின்மேல் இரண்டு மடங்கு. நெருப்பு நீரின்மேல் பாதி. மின்சாரம் நிலத்தின்மேல் பூஜ்யம். அடிவாங்கும் உயிரிக்கு இரண்டு டைப் இருந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும். நீர், பாறைக்கு இரண்டு மடங்கு, நிலத்துக்கும் இரண்டு மடங்கு. ஆகவே ஓனிக்ஸின்மேல் தண்ணீர் அடித்தால் நாலு மடங்கு. அடிக்கிற உயிரியும் நீர் டைப்பாகவே இருந்தால், சொந்த டைப் மூவுக்குக் கிடைக்கும் ஒன்றரை மடங்கும் சேரும். மொத்தம் ஆறு மடங்கு.

இதை லெவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடியின் அளவைக் கணக்கிடும் சூத்திரத்தில் லெவலுக்கு ஒரு பங்கு உண்டு: லெவலை இரண்டால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, இரண்டைக் கூட்ட வேண்டும். லெவல் 20 என்றால் 10 வரும். லெவல் 25 என்றால் 12. அந்தப் பங்கு இரண்டு மடங்காகி 20க்கு வர லெவல் 45 வேண்டும். லெவல் ஏறும்போது தாக்கும் வலுவும் கூடவே ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தாலும், பல மணி நேரம் உழைத்துச் சம்பாதிக்கும் வலுவைச் சரியான டைப் ஒரே முறையில் கொடுத்துவிடுகிறது.

சரி, நீர் உயிரியும் இல்லை, புல் உயிரியும் இல்லை. ஆரம்பத்தில் நெருப்பு உயிரியான சார்மேண்டரை எடுத்துவிட்டான் மருமகன். நெருப்பு பாறையின்மேல் பாதிதான். அதனால் எம்பர் என்ற நெருப்பு மூவை விட்டுவிட்டு, ஸ்கிராட்ச் என்று நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தான். இங்கேதான் இரண்டாவது பாடம் இருக்கிறது. எல்லா அடியும் ஒரே மாதிரி அடி இல்லை. உடம்பால் மோதும் அடி ஒன்று, நெருப்பு, நீர் போலத் தூரத்திலிருந்து வருவது இன்னொன்று. முதல் வகையை எதிராளி டிஃபென்ஸ் என்ற எண்ணால் தடுப்பார். இரண்டாம் வகையை அந்தப் பழைய கேமில் ஸ்பெஷல் என்ற எண்ணால் தடுப்பார். ஓனிக்ஸின் அடிப்படை டிஃபென்ஸ் 160. அதன் ஸ்பெஷலோ 30. பிறாண்டுவதும் பாறையின்மேல் பாதிதான், நெருப்பும் பாதிதான். ஆனால் ஒன்று 160 மீது போய் முட்டுகிறது, மற்றது 30 மீது விழுகிறது. போதாக்குறைக்கு சொந்த டைப்பின் ஒன்றரை மடங்கு நெருப்புக்கு உண்டு. பார்க்கும்போது பயமுறுத்தும் அந்தப் பாறைப் பாம்பு ஒரு பக்கம் மட்டும்தான் கோட்டை. பாஸ் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, எந்தப் பக்கம் பலவீனமானவர் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

அதே பக்கத்தைத் தட்ட இன்னொரு வழியும் உண்டு. புரோக்கின் ஊருக்கு முந்தைய காட்டில் கேட்டர்பி என்ற புழு கிடைக்கும். லெவல் 7ல் கூட்டுப்புழு ஆகும், 10ல் பட்டாம்பூச்சி ஆகும். 12ல் கன்ஃப்யூஷன் என்ற மூவைக் கற்கும். அதுவும் ஸ்பெஷல் மீது விழும் அடிதான். காட்டில் அந்தப் புழுவைப் பார்த்து "இது எதுக்கு?" என்று விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

விடை வழியிலேயே இருக்கிறது என்று சொன்னேனே, அதற்கு என்னிடம் உள்ள சிறந்த சான்று 1998ல் ஜப்பானில் வந்த யெல்லோ பதிப்பு. அதில் ஆட்டக்காரருக்கு முதல் துணையாகக் கிடைப்பது மின்சார டைப் பிகாச்சு. புரோக்கின் இரண்டு உயிரிகளும் நிலம் டைப். பிகாச்சுவின் மின்சாரம் அவற்றின்மேல் பூஜ்யம். அப்படியே விட்டிருந்தால் முதல் பாஸிலேயே பிள்ளைகள் கேமை மூடி வைத்திருப்பார்கள். செய்தவர்கள் என்ன பண்ணினார்கள் தெரியுமா? பாறையை இரண்டு மடங்கு அடிக்கும் சண்டை டைப் குரங்கான மேங்கியை, முதல் ஜிம்முக்கு முன்னாலேயே போக முடிகிற ஒரு புல்வெளியில் வைத்தார்கள். முந்தைய பதிப்புகளில் நிடோரான் லெவல் 43ல் கற்ற டபுள் கிக் என்ற உதையை லெவல் 12லேயே கற்கும்படி மாற்றினார்கள். அந்த நிடோரானும் அதே புல்வெளியில் கிடைக்கும். புரோக்கின் உயிரிகளின் லெவலையும் இரண்டு இரண்டு குறைத்தார்கள். பாஸ் முன்னால் வருபவர் கையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று ஒருவர் உட்கார்ந்து கவனமாக எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்தக் கவனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

இதைவிட அழகாகப் பின்னப்பட்ட பாஸ் ஒருவர் உண்டு. கோல்ட், சில்வர் பதிப்புகளின் மூன்றாவது ஜிம் லீடர் விட்னி. அவருடைய மில்டாங்க் என்ற பசு, லெவல் 20. இந்தப் பசுவிடம் தோற்று அழாத பிள்ளை குறைவு என்று இந்தக் கேமை ஆடியவர்கள் இன்றும் சொல்வார்கள். அது என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ரோல்அவுட் என்று ஒரு மூவ். பாறை டைப். உருண்டு வந்து மோதும். முதல் முறை வலு 30. விடாமல் அடுத்தடுத்து மோதினால் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும்: 60, 120, 240, ஐந்தாவது முறை 480. இரண்டாவதாக அட்ராக்ட். எதிர்ப்பாலின உயிரியை மயக்கிவிடும், மயங்கியது பாதி நேரம் அடிக்காமல் நின்றுவிடும். மில்டாங்க் எப்போதும் பெண், ஆரம்பத்தில் நாம் எடுக்கும் உயிரியோ பெரும்பாலும் ஆணாக அமைந்துவிடும். மூன்றாவதாக மில்க் டிரிங்க். எச்.பி. என்பது உயிரியின் தெம்பு, அது தீர்ந்தால் உயிரி விழுந்துவிடும். நாம் அடித்து அடித்து இறக்கினாலும், முழு எச்.பி.யில் பாதி அளவை ஒரே குடியில் மீட்டுக்கொள்ளும். ஆக, மெதுவாக அடித்தால் பால் குடிக்கும், நின்று யோசித்தால் உருண்டை பெரிதாகும், வலுவான ஆண் உயிரியை அனுப்பினால் அது மயங்கி நிற்கும். லெவல் மட்டும் ஏற்றிப் போனவரை மூன்று பக்கமும் மடக்கிவிடும்.

இப்போது விட்னி இருக்கும் ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள். ஊருக்குத் தெற்கே உள்ள பாதையின் புல்லில் டிரௌஸி என்ற உயிரி கிடைக்கும். ஊருக்குள்ளே பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒருவர் நிற்பார். டிரௌஸியைக் கொடுத்தால் மச்சாப் தருவேன் என்பார். மச்சாப் சண்டை டைப். மில்டாங்க் நார்மல் டைப், சண்டை டைப் அடி அதன்மேல் இரண்டு மடங்கு. சண்டை டைப்பின்மேல் பாறை அடி பாதிதான், ஆகவே ரோல்அவுட்டின் பல்லும் பிடுங்கப்படுகிறது. அதோடு முடியவில்லை. அவர் தரும் அந்த மச்சாப் பெண். அட்ராக்ட் அதனிடம் பலிக்காது. மாற்றி வாங்கிய உயிரிக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்பதால் வளர்ப்பதும் சீக்கிரம்.

இன்னொரு நூலும் இருக்கிறது. ரோல்அவுட் ஒரு முறை குறி தவறினால் வலு மறுபடி 30க்கு வந்துவிடும். எதிராளியின் குறியைக் குறைக்கும் மட் ஸ்லாப் என்ற மூவை, முதல் ஜிம்மில் ஜெயித்ததற்குப் பரிசாகவே கொடுத்திருப்பார்கள். அதைப் பையில் போட்டு மறந்திருப்போம். முதல் ஜிம்மின் பரிசு மூன்றாவது ஜிம்மில் வேலை செய்கிறது! பையைத் திறந்து பார்ப்பது பாஸ் சண்டையின் பாதி என்று மருமகனுக்குச் சொன்னேன்.

"அப்ப தோத்தா பரவால்லையா மாமா?"

பரவாயில்லைதான். கேம் தோல்விக்கு அதிகம் தண்டிப்பதில்லை. பணம் போகும் (பழைய பதிப்புகளில் பாதி), கடைசியாக வைத்தியம் பார்த்த இடத்தில் போய் நிற்போம். உயிரிகள் ஒன்றும் காணாமல் போகாது, வாங்கிய அனுபவப் புள்ளியும் போகாது. அதனால் முதல் முறை பாஸிடம் போவதை, பார்த்துவிட்டு வரப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன உயிரி, எந்த வரிசையில் வருகிறது, நம்மை வீழ்த்திய மூவ் எது, யார் முதலில் அடித்தார்கள் என்று கவனியுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. கோபத்தில் உடனே திரும்ப நுழைந்தால் அதே இடத்தில்தான் விழுவோம்.

புதிதாக ஆடுபவர்கள் தொடாமலே விடும் இன்னொன்று, அடிக்காத மூவ்கள். தூங்க வைப்பது, விஷம் ஏற்றுவது, வலுவைக் குறைப்பது. இவற்றில் எச்.பி. உடனே இறங்காது, அதனால் வீண் என்று தோன்றும். சாதாரண எதிரி இரண்டு அடியில் விழுந்துவிடுவார், அவரிடம் இவை வீண்தான். நீளமாகப் போகும் பாஸ் சண்டையில் கணக்கு மாறும். சூட்டுக் காயம் பட்ட உயிரியின் உடம்படி பாதியாகும். பக்கவாதம் பிடித்தால் வேகம் இறங்கும், நாலில் ஒரு முறை அசையவே முடியாமல் போகும். ஸ்வார்ட்ஸ் டான்ஸ் மாதிரி ஒரு மூவை ஒரே முறை பயன்படுத்தினால் நம் தாக்கும் வலு இரண்டு மடங்காகும். எதிராளி தூங்கும் நேரத்தில் அதைச் செய்துகொண்டால், எழுந்திருக்கும்போது அவர் முன்னால் நிற்பது வேறு ஆளாக இருக்கும்.

உயிரியை மாற்றுவதற்கும் தயங்காதீர்கள். எதிராளியின் உயிரி ஒன்று விழுந்ததும், அடுத்து வரப்போவது எது என்று சொல்லி, நீங்கள் மாற்றுகிறீர்களா என்று பல பதிப்புகள் கேட்கும். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்தியே பழகியவர்கள் உண்டு. அடிவாங்காமல் மாற்றக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அது. சண்டையின் நடுவில் மாற்றினால், புதிதாக வரும் உயிரி ஓர் அடி வாங்கித்தான் உள்ளே வரும்.

ஜிம் லீடர் எல்லோரும் பெரும்பாலும் ஒரே டைப் வைத்திருப்பவர்கள். கதையின் கடைசியில் வரும் சாம்பியன் அப்படி இல்லை. 2006ல் வந்த டயமண்ட், பேர்ல் பதிப்புகளின் சாம்பியன் சிந்தியாவைப் பாருங்கள். அவரிடம் ஆறு உயிரிகள், பலவகை டைப்கள். முதலில் அனுப்புவது ஸ்பிரிட்டோம்ப். பேய், இருள் என்று இரண்டு டைப். ஃபேரி வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் அதை இரண்டு மடங்கு அடிக்கும் டைப் ஒன்றுகூடக் கிடையாது. டைப் மட்டுமே படித்துவிட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தும் வினா அது. அங்கே டிஃபென்ஸ் எந்தப் பக்கம், விஷம், தூக்கம் என்று மற்றப் பாடங்கள்தான் கை கொடுக்கும். அவருடைய பெரிய ஆயுதம் லெவல் 66ல் இருக்கும் கார்ச்சாம்ப். டிராகன், நிலம். பனி அடி நாலு மடங்கு விழும். ஆனால் அது பயங்கர வேகம். பனி மூவை வைத்திருக்கும் உங்கள் உயிரி, அதன் முதல் அடியைத் தாங்கி நிற்குமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு உயிரி, ஆளுக்கு நாலு மூவ், மொத்தம் 24 இடம். அதில் பத்து இடத்தை ஒரே டைப்புக்குக் கொடுத்துவிட்டால் சாம்பியனிடம் போகும்போது கை வெறுமையாக இருக்கும்.

சாம்பியனுக்கு முன் எலைட் ஃபோர் என்று நாலு பேர் வரிசையாக வருவார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் வைத்திய நிலையத்துக்குத் திரும்ப முடியாது. ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவே பையில் உள்ள மருந்து மட்டும்தான் துணை. ஆகவே ரிவைவ், போஷன் எல்லாம் நிறைய வாங்கிக்கொண்டு போங்கள். அதுவரை சேர்த்த பணத்தைச் செலவழிக்கச் சரியான இடம் அதுவே.

பாஸ் சண்டையின் வடிவம் கேமுக்குக் கேம் மாறும். போனில் ஆடும் 'போக்கிமான் கோ' கேமில் 2017 முதல் ரெய்டு என்று ஒன்று உண்டு. பெரிய பாஸை, குறிப்பிட்ட நேரத்துக்குள், பல பேர் சேர்ந்து வீழ்த்த வேண்டும். அங்கே யோசிக்க நேரமில்லை, ஆள் சேர்ப்பதுதான் பலம். 2022ல் வந்த லெஜெண்ட்ஸ் ஆர்சியஸில் வெறிபிடித்த பெரிய உயிரிகளுக்கு முன்னால் நாமே உருண்டு தப்பி, அதை அமைதிப்படுத்தும் பொட்டலங்களை எறிய வேண்டும். இங்கெல்லாம் விரலுக்கும் வேலை உண்டு.

கடைசியாக, வீழ்த்தக் கூடாத பாஸ் பற்றி. முதல் கேமில் கதை முடிந்தபின் ஒரு குகை திறக்கும். அதன் அடியில் லெவல் 70ல் மியூட்டூ நிற்கும். இதை அடித்துச் சாய்த்தால் ஜெயித்த மாதிரி தோன்றும், உண்மையில் அதை இழந்துவிட்டோம். அந்தக் கேமில் அது மறுபடி வராது. இங்கே வேலை தலைகீழ். எச்.பி.யைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும், இரண்டு மடங்கு அடி எதையும் தொடக் கூடாது. தூங்க வைத்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும். கோல்ட், சில்வர் முதல் ஃபால்ஸ் ஸ்வைப் என்ற மூவ் இருக்கிறது, எவ்வளவு அடித்தாலும் ஒரு எச்.பி. மிச்சம் வைக்கும். எந்த உயிரியையும் தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் கதையில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அதை வேறெதற்கும் செலவழிக்காமல் வைத்திருந்தால் இங்கே உதவும்.

அதன் முன்னால் போய் நின்றதும், பேசுவதற்கு முன் சேவ் செய்யுங்கள். சேவ் செய்துவிட்டால், தவறி விழுந்தாலும் கருவியை அணைத்து அதே இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். இந்தப் பழைய கேம்களில் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரே சேவ்தான். லீவுக்கு வந்த அத்தை பிள்ளை, சித்தி பிள்ளை எல்லோரும் ஒரே கருவியில் ஆடும் வீடாக இருந்தால், புது ஆட்டம் தொடங்கி சேவ் அழுத்துகிறவர் பழைய ஆட்டம் முழுவதையும் அழித்துவிடுவார். யாருடைய ஆட்டம் உள்ளே இருக்கிறது என்று கேட்டுவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.